குட்டியும் பெரிய கண்மாயும்

மார்ச் 26

இந்த டைரி மதுரையில் நான் நூல் வாங்கும் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. முன்பக்கங்களில் எல்லாம் அடுத்தவர்களின் தோள், இடுப்பு, கை நீளம். இன்றிலிருந்து குட்டியின் கணக்கு. மங்கைதான் எழுதச் சொன்னாள்.

"எத்தனை தடவ பால் குடிச்சா, எத்தனை தடவ ஒண்ணுக்குப் போனான்னு நர்சம்மா கேக்கும். நான் ஆபீஸ்ல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? எழுதி வைங்க."

மங்கை என்கிற மங்களேஸ்வரி என் மனைவி. எங்கள் கீழப்பொய்கை ஊராட்சியின் தலைவர். நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருந்தவள், பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தாள். பக்கத்து ஊர்களில் பெண் தலைவர் என்றால் நாற்காலியில் வீட்டுக்காரர்தான் உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் நாற்காலி அவளுக்கு, தொட்டில் எனக்கு.

மாமியார் நேற்று திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே மைத்துனன் மனைவிக்கும் இது பேறு மாதம். குட்டி பிறந்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை, இப்போதே ஆபீசுக்குப் போனால் ஊரில் பேசுவார்கள் என்றேன்.

"கோடையில குழாய்ல தண்ணி வரலன்னா அதுக்குந்தான் பேசுவாக" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பால்: ஆறு. ஒன்றுக்கு: எண்ண முடியவில்லை.

மார்ச் 30

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். வலது கால் தையல் மெஷினுக்கு. இடது கால் பெருவிரலில் தொட்டில் கயிறு. மெஷின் ஓடினால் தூங்குகிறாள், நின்றால் விழிக்கிறாள். ஆகையால் துணியே இல்லாமல் சும்மா கொஞ்ச நேரம் ஓட்டினேன்.

பசித்து அழுதால் மங்கைக்கு ஒரு மிஸ்டு கால். எதிர்த்தெருவில்தான் ஆபீஸ். வந்து பால் கொடுத்துவிட்டு, இடது கையில் குட்டி, வலது கையில் பேனா என்று நாலு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகிறாள்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். "என்னப்பா பூமி, பால் குடுத்துட்டு வந்துட்டியா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயில் சர்க்கரை கம்மி.

ஏப்ரல் 2

பச்சையாகப் போனாள். பயந்து நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார். போட்டோ அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குள் அனுப்பிவிட்டிருந்தேன்.

ஏப்ரல் 6

துரைச்செல்வம் அண்ணன் வந்திருந்தார். என் பெரியம்மா மகன். லாரி, மண் அள்ளும் எந்திரம், கல்குவாரி என்று பெரிய கான்ட்ராக்டர். ஒவ்வொரு வருடமும் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் யூனிபார்ம் ஆர்டர் எனக்குக் கிடைப்பது அவர் சிபாரிசில்தான்.

இப்போது எங்கள் பெரிய கண்மாயில் வண்டல் மண் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறார். மேலாக மூன்றடி. கண்மாய் வற்றிக் கிடக்கிற கோடையில் எடுத்து விவசாயிகள் வயலில் போட வேண்டும். நல்ல காரியம்தான்.

"தலைவரே, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"தலைவர் ஆபீஸ்ல இருக்குண்ணே."

"அட, எனக்கு நீதான்டா தலைவரு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், வீட்டு ஆம்பள இல்லாம எது நடக்கும்?"

போகும்போது மறுபடி "வர்றேன் தலைவரே" என்றார். முதல் தடவை மறுத்த நான் இரண்டாம் தடவை மறுக்கவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. குட்டிக்குப் பெயர் வைத்தோம். நிறைமதி. மங்கையின் தேர்வு. நான் மூன்று பெயர் சொன்னேன், மூன்றும் சினிமாக்காரிகள் பெயராம்.

துரைச்செல்வம் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். குட்டியை மடியில் வாங்கி அவள் கழுத்தில் ஒரு தங்கச் செயின் போட்டார். இரண்டு பவுன் இருக்கும். சோற்றுப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். குட்டி அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு மங்கை செயினைக் கழற்றினாள். "கொலுசு, வளையல் போட்டா சரி. இம்புட்டுப் பெரிய செயினு எதுக்கு? நாளைக்கே குடுத்துருங்க."

"பெரியப்பன் மொறையில போடுறாரு மங்கை."

"கண்மாயில அவரு எந்திரம் நிக்கிறப்ப அவரு எனக்குச் சொந்தக்காரர் இல்ல."

நாளை கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 15

யூனிபார்ம் துணி வந்து இறங்கியது. வெட்டவே நேரம் சரியாக இருந்தது. செயின் பீரோவில் இருக்கிறது.

ஏப்ரல் 17

குட்டிக்குச் சளி. செயின் விஷயமாக அண்ணனுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். லைன் பிசியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 19

மங்கை ஆபீசுக்குப் போன பிறகு குட்டிக்குச் செயினைப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். மாநிறத்துக்குத் தங்கம் எடுப்பாகத் தெரிகிறது. அவள் கல்யாணம் வரைக்கும் பொன் விலை எங்கே போய் நிற்குமோ. அப்பனாகப்பட்டவன் இதையெல்லாம் யோசிக்கத்தானே வேண்டும்.

பால்: ஏழு. சளி பரவாயில்லை.

ஏப்ரல் 22

வெயில் ஏறுவதற்குமுன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். அவளுக்குக் கண்மாயைக் காட்ட வேண்டும் என்று பிறந்த அன்றே நினைத்தது.

நடுக் கண்மாயில் பள்ளம் பெரிதாகத்தான் இருக்கிறது. உள்ளே நின்ற ஆளின் தலை எனக்குத் தெரியவில்லை. மேலே கருப்பு வண்டல், அதற்குக் கீழே சிவப்பாகச் சரளை. விவசாயிகளின் டிராக்டர் இரண்டு நின்றது. மற்றதெல்லாம் டிப்பர் லாரி. லாரிகள் வயல் பக்கம் திரும்பவில்லை, நாலுவழிச் சாலைப் பக்கம் திரும்பின. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. குட்டிக்கு ஆகாது.

கொக்கு ஒன்றைக் காட்டினேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

ஏப்ரல் 25

துரைச்செல்வம் அண்ணன் வந்தார். மே ஒன்றாம் தேதி கிராம சபையில் ஒரு தீர்மானம் வர வேண்டுமாம். கண்மாயை இன்னும் பத்தடி ஆழப்படுத்துவது. அள்ளுகிற மண்ணை அவரே எடுத்துக்கொள்வார், ஊருக்கு ஒரு பைசா செலவில்லை. அதோடு மாரியம்மன் கோயில் கோபுர வேலை முழுவதும் அவர் பொறுப்பு.

"ஆழமாத் தோண்டுனா தண்ணி நெறைய நிக்கும்ல? உன் மக காலத்துக்கும் நிக்கும். மங்கைதான் புரியாம மொரண்டு பிடிக்குது. நீ ஒரு வார்த்த சொன்னா கேக்காதா?"

பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னேனா இல்லையா, சரியாக ஞாபகம் இல்லை. காபி கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

சாப்பிடும்போது மங்கையிடம் லேசாகக் கேட்டேன். ஆழமாக இருந்தால் நல்லதுதானே?

அவள் ரசம் இருந்த கிண்ணத்தை முன்னால் நகர்த்தினாள். "இதோ இந்தக் கிண்ணத்துல பாதி உசரத்துல ஒரு ஓட்டை போடுங்க. அதான் மடை. ஓட்டைக்கு மேல இருக்குற ரசந்தான் வெளிய வரும். அடியில இருக்குறது வயலுக்கு வருமா? மடைக்குக் கீழ பள்ளம் பறிச்சா அந்தத் தண்ணிய வாளியிலயா மொண்டு ஊத்துவீக? அதுவும் நிக்காது. களிமண்ணத் தாண்டிச் சரளைக்குப் போயாச்சு. கண்மாய் அடியில களிமண்ணு இருக்குறதாலதான் தண்ணியே நிக்குது. அதப் பேத்துட்டா ரசம் சோத்துல எறங்குற மாதிரி எறங்கிப் போயிரும்."

ரசம் எனக்கு அப்புறம் இறங்கவில்லை.

"செயினக் குடுத்தாச்சுல்ல?" என்றாள்.

குட்டி அழுதாள். நல்ல வேளை. எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 28

மங்கை மத்தியானமே வந்துவிட்டாள். மிஸ்டு கால் கொடுக்கவில்லையே என்றேன். பீரோவைத் திறந்தாள். செயின் இருந்தது.

"நூறு நாள் வேலைப் பொம்பளைக எல்லார் முன்னாடியும் அவரு ஆளு சொல்றான். 'தலைவரம்மா வீட்டுல பேசி முடிச்சாச்சு, பிள்ளைக்கு நக போட்டாச்சு, வீட்டுக்காரர் சரின்னுட்டாரு'ன்னு. நான் இல்லைன்னு சொன்னேன். எங்க வீட்டுல அந்தச் செயினு இல்லைன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

"உங்களத் தலைவரேன்னு கூப்பிடுறாராம்ல."

இதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அண்ணன் அப்படிக் கூப்பிட்டபோது குட்டியைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. வாசலில்தான் யாராவது இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 29

மங்கை பால் கொடுக்க வந்தாள், போனாள். சட்டைக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடியும் தலைகீழ்.

ஏப்ரல் 30

குட்டியைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இப்போதெல்லாம் முகம் பார்க்கிறாள். முகத்தைத் திருப்பினாலும் தேடிப் பார்க்கிறாள்.

செயினைக் கொடுக்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். முக்கு வரை போய்த் திரும்பிவிட்டேன். பயம் இல்லை. அவர் வீட்டுக்குள் வைத்துக் கொடுத்தால் அது அவருக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும் என்று தோன்றியது.

மே 1

கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பந்தல். இத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில். நூறு நாள் வேலைப் பெண்கள் பின்னால் தரையில். நான் குட்டியோடு ஓரத்தில் நின்றேன், பசித்தால் மங்கையிடம் கொடுக்க வேண்டுமே.

மங்கை தீர்மானங்களை வாசித்தாள். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், அங்கன்வாடிக் கூரை. பிறகு கண்மாய். அனுமதி மூன்றடிக்குத்தான், அதற்குமேல் தோண்டக் கூடாது என்றாள். மடையையும் களிமண்ணையும் எடுத்துச் சொன்னாள். இங்கே ரசம் இல்லாமல்தான்.

துரைச்செல்வம் அண்ணன் எழுந்தார். சிரித்த முகம். "இது ஊரு நன்மை. கோபுரத்துக்கும் நன்மை. தலைவரம்மா இப்ப வேற மாதிரி பேசுது. ஆனா அது வீட்டுல ஒத்துக்கிட்ட விஷயந்தான். இதோ வீட்டுக்காரரே நிக்கிறாரு. மைக்க அவருகிட்ட குடுங்க."

மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. மங்கை என்னைப் பார்த்தாள். "உங்களத்தான் கேக்குறாக. பேசுங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவ்வளவு மரியாதையாக என்னிடம் பேசியதில்லை.

நான் மைக்கில் பேசியதே இல்லை. முதலில் அது 'கூ' என்று கத்தியது. குட்டி வீரிட்டாள். தட்டிக் கொடுத்தேன். சட்டைப் பையில் கைவிட்டேன். செயினைக் காலையிலேயே குட்டியின் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன்.

"அண்ணன் எங்க பிள்ளைக்கு இந்தச் செயினப் போட்டாரு. மங்கை அன்னைக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லுச்சு. குடுத்துட்டேன்னு அது நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. குடுக்காதது நான். ஆசப்பட்டு வச்சுக்கிட்டேன். என்னையத் தலைவரேன்னு கூப்பிட்டாரு, அதுக்கும் ஆசப்பட்டேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது.

"எம்மக வளந்து, 'இங்க ஒரு கண்மாய் இருந்துச்சாமே, அது எங்க போச்சுப்பா?'ன்னு கேட்டா, 'உன் கழுத்துலதான்த்தா கெடக்கு'ன்னு நான் சொல்ல முடியாது. அண்ணே, கோவிச்சுக்காதீக. வாங்கிக்கங்க."

போய் அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. மேசையில் வைத்தேன்.

கோயில் கமிட்டித் தலைவர் எழுந்தார். "அதெல்லாம் சரி. அப்பக் கோபுரத்துக்கு யாரு காசு தருவா?"

பின்னாலிருந்து ராக்கம்மாள் குரல் கொடுத்தது. நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிக்கிற பெண், மூன்று பிள்ளைகளின் தாய். "கோபுரத்தக் கட்டிட்டுக் கரகம் எடுக்க எங்கிட்டுப் போவீக? கண்மாய்த் தண்ணிக்குப் பதிலா கேன் தண்ணி வாங்கி ஊத்துவீகளா?"

அதற்குச் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. கமிட்டித் தலைவரும் சிரித்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னாள் மங்கை. முதலில் தரையில் இருந்த பெண்கள். பிறகு விவசாயிகள். முன்வரிசையில் பாதி. மூன்றடிக்குமேல் மண் எடுக்கக் கூடாது, லாரி இறங்கக் கூடாது, பறித்த பள்ளத்தைப் பறித்தவரே களிமண் போட்டு மூடித் தர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. துரைச்செல்வம் அண்ணன் செயினை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார்.

வீடு வரைக்கும் மங்கை எனக்கு முன்னால் நடந்தாள். உள்ளே வந்து குட்டியை வாங்கும்போதுதான் பார்த்தாள்.

"சட்டை பூராம் ஒண்ணுக்குப் போயிருக்கா. இதோடயா மைக்ல பேசுனீக?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

மே 5

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து யூனிபார்ம் துணிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். வேறு டெய்லரிடம் கொடுக்கிறார்களாம். தைத்து முடித்தவற்றுக்கு மட்டும் கூலி. எதிர்பார்த்ததுதான். குட்டிக்கு நேரம் கிடைக்கும்.

மே 6

குட்டிக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. காலை முழுவதும் தூங்கினாள். மெஷினைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

மே 9

ராக்கம்மாள் இரண்டு ஜாக்கெட் துணியோடு வந்தது. பின்னாலேயே இன்னும் நாலு பேர். "நாங்க எல்லாம் டவுன்லதான் தைக்கக் குடுப்போம். நீங்க ஆம்பளச் சட்டை தைக்கிற ஆளுன்னு நெனச்சோம்" என்றார்கள். ஜாக்கெட் தைத்து வருடக்கணக்காகிறது என்று சொல்லவில்லை.

மே 12

ராக்கம்மாள் ஜாக்கெட்டில் கை இறுக்கம். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். "மைக்ல நல்லா பேசுறீக, கையி மட்டுந்தான் சரியில்ல" என்றது.

மே 20

அதிகாரிகள் வந்து பள்ளத்தை அளந்துவிட்டுப் போனார்கள். அண்ணனின் எந்திரம் மறுபடி வந்தது, இந்த முறை பள்ளத்தை மூட. மங்கை கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றாள். மதியம் குட்டியை நான் அங்கே கொண்டு போனேன். புளியமரத்தடியில் பால் குடித்தாள். எந்திரம் ஓட்டுகிறவர் அந்த நேரம் எந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர்.

ஜூன் 18

வண்டல் எல்லாம் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. குட்டி குப்புற விழுந்தாள். திரும்பத் தெரியாமல் கத்தினாள். திருப்பி விட்டேன். உடனே மறுபடி விழுந்தாள். நாள் பூராவும் இதே வேலை, அவளுக்கும் எனக்கும்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினாள் மங்கை. துரைச்செல்வம் அண்ணன் வரவில்லை. மூன்று மாதமாக அவரிடமிருந்து பேச்சில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது கார் கண்ணாடி ஏறுகிறது. பெரியம்மா மகன். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். வருத்தமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 21

மழை.

அக்டோபர் 22

மழை. குட்டியின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. இஸ்திரி போட்டுக் காய வைக்கிறேன்.

நவம்பர் 6

கண்மாய் நிரம்பிவிட்டது. மறுகாலில் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிறது. ஊரே கரையில். மூடிய பள்ளத்தின் மேலும் தண்ணீர் தளும்பி நிற்கிறது, எங்கே பள்ளம் இருந்தது என்று தெரியவில்லை. குட்டியைத் தூக்கிக் காட்டினேன். எட்டு மாதம் ஆகிறது, இப்போது தூரத்துப் பொருள் தெரியும். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவ்வளவையும் நான்தான் கொண்டு வந்து வைத்தேன் என்று நினைத்திருப்பாள். நான் மறுக்கவில்லை.

நவம்பர் 16

இன்று மடை திறந்தார்கள்.

காலையில் பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டு முடித்ததும், யாருக்கு முதலில் தண்ணீர் என்று ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவை மங்கை வாசிக்க எழுந்தாள். துரைச்செல்வம் அண்ணனும் வந்து கூட்டத்தின் கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்றிருந்தார். அவருக்குக் கடைமடையில், அதாவது வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், அப்பா கொடுத்த வயல் இருக்கிறது. அதில் போர்வெல் தண்ணீரில்தான் விவசாயம். இந்த வருடம் போர் கைவிட்டுவிட்டது, மழையும் விட்டதால் நாற்று காய்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்க வாயில்லாமல் கேட்க வந்திருக்கிறார். அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"இந்த வருசம் கடைமடையிலருந்து ஆரம்பிக்கிறோம்" என்று வாசித்தாள் மங்கை. "கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேந்த பெறகுதான் மேல இருக்குறவக வரப்ப வெட்டித் தண்ணி பாய்ச்சணும்."

பிறகு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். "மொதல்ல உங்க வயலுதான் மச்சான். ஆள நிறுத்திக்கங்க."

அண்ணன் நாலு பக்கமும் பார்த்தார். "எனக்கா?"

"கடைசி வயலு உங்களுதுதான? உங்களுக்குன்னு செய்யல. ஊருக்கூட்டத்துல முடிவான மொற."

"சரித்தா" என்றார்.

மடையின் இரும்புத் திருகு துருப்பிடித்து அசையவில்லை. நாலு பேர் பிடித்தும் ஆகவில்லை. நான் போகலாம் என்றால் இடுப்பில் குட்டி. சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் அண்ணன்தான் நின்றார்.

"செத்த பிடிங்கண்ணே" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துத் திருகினோம். கிறீச்சென்று ஒரு சுற்று வந்தது. காலடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. நுரையும் சருகும் கெண்டைக் குஞ்சுமாக ஓடியது. பிள்ளைகள் கூடவே கரையில் ஓடினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். குட்டி இரண்டு கையாலும் அண்ணன் மீசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, விடுத்தா... வலிக்குதுத்தா... பூமி, இங்க வாடா, உன் மகள வாங்குடா" என்று கத்தினார். கண் கலங்கியிருந்தது. மீசையை அப்படி இழுத்தால் யாருக்கும் கலங்கும்.

"தண்ணி உங்க வயலுக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும்ணே. கூடவே நடந்து போய்ப் பாத்துட்டு வாங்க. அவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

தண்ணீருக்குப் பக்கத்திலேயே, அதன் வேகத்துக்கே, வரப்பில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, இருவரும் போனார்கள்.